ஐநேச்சுரலிஸ்ட், சீக்: படம் எடுத்து உயிர்களைத் தேடும் விளையாட்டு. உங்க அனுபவம் என்ன?

தாழம்பூ
ஜூலை 2, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் இருக்கேன். 2016 டிசம்பர்ல போகிமான் கோ இந்தியாவுக்கு வந்தப்ப என் தம்பி செல்லைப் பிடிச்சுக்கிட்டுத் தெருத்தெருவா அலைஞ்சான். இல்லாத பூச்சியைத் தேடி அலையிறானேன்னு அம்மா வருத்தப்படுவாங்க. இப்ப நானும் என் பையனும் இருக்கிற பூச்சியைத் தேடி அலையிறோம். அவனுக்கு ஒன்பது வயசு.

மூணு மாசம் முன்னாடி சீக்ங்கிற ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். கேமராவை ஒரு இலை மேல காட்டினா மேல புள்ளிகள் ஒவ்வொண்ணா நிறையும். முதல்ல 'தாவரம்'னு சொல்லும், அப்புறம் குடும்பம், அப்புறம் பேரினம், கடைசியா இனம். கடைசிப் புள்ளி நிறையிற வரைக்கும் அவன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். பேட்ஜ் வந்தா அன்னிக்கு வீட்ல திருவிழா. நான் ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற தளத்துல கணக்கு தொடங்கி நல்ல படங்களை அதுல ஏத்துறேன், மத்தவங்க வந்து அதுக்குப் பேர் சொல்லுவாங்க.

இப்ப விஷயம். எங்க கறிவேப்பிலைச் செடியில மூணு பச்சைப் புழு இருக்கு. சின்னதா இருந்தப்ப பறவை எச்சம் மாதிரியே இருந்துச்சு. தொட்டா தலைக்குப் பின்னாடி ரெண்டு கொம்பு நீட்டுது, ஒரு மாதிரி நெடி அடிக்குது. ஆப் 'எலுமிச்சை அழகி'ங்கிற பட்டாம்பூச்சியோட புழுன்னு காட்டுச்சு, அப்படியே போட்டேன். முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து 'கறிவேப்பிலை அழகி'யா இருக்கலாம்னு மாத்திட்டார். போன வாரம் கறுப்பு இறக்கையில சிவப்புப் புள்ளி இருக்கிற ஒரு பட்டாம்பூச்சியை 'ரோஜா அழகி'ன்னு போட்டேன். அதையும் இன்னொருத்தர் வந்து கறிவேப்பிலை அழகின்னு மாத்திட்டார். ரெண்டு நாள் மனசு ஒரு மாதிரியா இருந்துச்சு. நான் என்னதான் தப்புப் பண்றேன்?

இன்னொண்ணு, படத்தோட எங்க வீடு இருக்கிற இடமும் வரைபடத்துல தெரியுது. இது சரியா? உங்க அனுபவத்தையெல்லாம் சொல்லுங்க.

---

மேற்குமலை
ஜூலை 2, இரவு 11:15

வணக்கம் சகோதரி, கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேனுங்க. ஆறு வருசமா ஐநேச்சுரலிஸ்ட்ல இருக்கேன். நான் படம் போடறதைவிட மத்தவங்க படத்துக்குப் பேர் சொல்றதுதான் அதிகம்.

நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலைங்க. அந்தக் கறுப்புப் பட்டாம்பூச்சி பெரிய ஆளுங்களையே ஏமாத்தும். ரோஜா அழகியோட புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்னு வளருது. அந்தச் செடியோட நஞ்சு அதோட உடம்புல தங்கிடும். தின்ன பறவை மறுபடி அந்தப் பக்கமே போகாது. கறிவேப்பிலை அழகிக்கு அந்த நஞ்சு கிடையாது. ஆனா அதுல பெண்கள்ல ஒரு வகை ரோஜா அழகி மாதிரியே சிவப்புப் புள்ளி போட்டுக்கிட்டுத் திரியும். ஆண் வேற மாதிரி இருக்கும், கறுப்பு இறக்கையில வெள்ளைப் புள்ளி வரிசை.

எப்படிப் பிரிக்கறதுன்னு கேட்டீங்கன்னா இறக்கையை விட்டுட்டு உடம்பைப் பாருங்க. ரோஜா அழகிக்குத் தலையும் வயிறும் சிவப்பா இருக்கும். கறிவேப்பிலை அழகிக்கு உடம்பு கறுப்பு. உங்க படத்துல உடம்பு தெரியுதான்னு மறுபடி பாருங்க.

புழு விசயத்துல அவர் "இருக்கலாம்"னுதானே சொல்லியிருக்கார்? ரெண்டு அழகியுமே எலுமிச்சை, கறிவேப்பிலை ரெண்டுலயும் முட்டை வைக்கும். புழுவும் ஏறக்குறைய ஒண்ணு போலத்தான் இருக்கும். அவசரப்படாதீங்க. கூட்டுப்புழு ஆகி வெளிய வர்ற வரைக்கும் தினம் ஒரு படம் எடுங்க.

---

தாழம்பூ
ஜூலை 3, காலை 6:50

பார்த்தேன் அண்ணா. உடம்பு கறுப்புதான். மூணு மாசமா இறக்கையை மட்டுமே பார்த்திருக்கேன். படத்தைப் பையன்கிட்ட காட்டி உடம்பு என்ன நிறம்னு கேட்டேன். "கறுப்பு. அதுக்கென்ன?"ன்னான். கதையைச் சொன்னதும் பல்லு தேய்க்கிறதை விட்டுட்டு ஓடி வந்துட்டான்.

---

கணக்குப்புலி
ஜூலை 3, மதியம் 1:05

எனக்கு இது விளையாட்டுதான், அதுல ஒளிக்க ஒண்ணுமில்ல. ஏப்ரல் கடைசியில சிட்டி நேச்சர் சேலஞ்ச்னு ஊர் ஊரா உயிரினங்களைப் பதியுற நிகழ்ச்சி நடக்கும் பாருங்க, அதுக்காகவே நாலு நாள் லீவு போடுவேன். இந்த வருஷம் நாலு நாள்ல 640 பதிவு. காலை அஞ்சரைக்கு இறங்கினா இருட்டுற வரைக்கும்.

இதோட கதையும் போட்டிக்கதைதான். 2016ல லாஸ் ஏஞ்சலீஸும் சான் பிரான்சிஸ்கோவும் எந்த ஊர்ல அதிக உயிரினம்னு மோதினாங்க. அந்த ரெண்டு ஊர் அருங்காட்சியக ஆளுங்க தொடங்கி வச்சது. மறு வருஷம் அமெரிக்காவுல 16 ஊர் சேர்ந்துச்சு. 2018ல உலகம் முழுக்க 68 ஊர். 2020ல கொரோனா வந்ததும் போட்டி வேண்டாம், எல்லாரும் சேர்ந்து செய்யலாம்னு மாத்திட்டாங்க. ஆனாலும் பட்டியல்ல நம்ம பேர் மேல ஏறுறதைப் பார்க்கிற சந்தோஷமே தனி.

தாழம்பூ அக்கா, பையனுக்கு எண்ணிக்கை பிடிக்குதுன்னா விடுங்க. எண்ணிக்கைதான் அவனை வெளிய கூட்டிட்டுப் போகும். கண்ணுல படுற எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்க. படம் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் ஏத்துங்க, யாராவது பேர் சொல்லுவாங்க.

---

மேற்குமலை
ஜூலை 3, இரவு 10:30

தம்பி, அந்தக் கடைசி வரியில மட்டும் நான் ஒத்துக்க மாட்டேனுங்க. "யாராவது"ன்னு சொல்றீங்களே, அந்த யாராவதுல நானும் ஒருத்தன். சேலஞ்ச் முடிஞ்சதும் பேர் சொல்றதுக்குன்னு சில நாள் ஒதுக்குவாங்க இல்லீங்களா, அந்த நாள்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்திருப்பேன். வேலை முடிஞ்சு வந்து, சம்பளம் இல்லாம. ஒரே வேப்பமரத்தை ஏழு தடவை போட்டிருப்பாங்க. பச்சையா ஒரு மங்கல், அதுக்கு நடுவுல ஏதோ ஒரு புள்ளி. அது பூச்சியா தூசியான்னு தெரியாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிமிசம் ஆனாலும் உங்க 640க்கு எத்தனை மணி நேரம்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

ஒரு பதிவு ரிசர்ச் கிரேடு, அதாவது ஆய்வுக்கு எடுத்துக்கற தரம் ஆகணும்னா தேதி, இடம், படம் மூணும் சரியா இருக்கணும். குறைஞ்சது ரெண்டு பேர் ஒரே இனம்னு சொல்லணும், பேர் சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துப்போகணும். அதுக்கப்புறம் உரிமம் சரியா இருந்தா ஜிபிஐஎஃப்ங்கற உலகத் தரவுத்தளத்துக்குப் போகுது. ஆய்வாளர்கள் அங்க இருந்து எடுத்துக் கட்டுரை எழுதறாங்க. மங்கலான படத்துக்குத் தோராயமா நான் ஒரு பேர் சொல்லி, இன்னொருத்தர் அதை நம்பி ஆமான்னு அமுக்கிட்டா, அந்தத் தப்பு அங்க வரைக்கும் போயிரும்.

கோவமா சொல்லலைங்க. உங்க உற்சாகம் எனக்குப் பிடிச்சிருக்கு. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

---

கணக்குப்புலி
ஜூலை 4, காலை 8:20

அண்ணே, இதை நான் யோசிச்சதே இல்ல. அந்தப் பக்கம் ஒரு மனுஷன் உக்காந்திருக்கார்னே தோணல. ஆப்பே சொல்லிடும்னு நினைச்சிருக்கேன். இந்த வாரம் பழைய பதிவுகளைத் திறந்து, எனக்கே என்னன்னு தெரியாததை நீக்குறேன்.

---

நிழல்குடை
ஜூலை 4, மாலை 5:45

இடம் தெரியுற கேள்விக்கு நான் பதில் சொல்றேன். இதை முதல்லயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நான் தனியா இருக்கிற பொண்ணு. முதல் ரெண்டு மாசம் என் பதிவுல பாதி மொட்டை மாடியில எடுத்தது. ஒருநாள் என் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஒரே கட்டடத்து மேல நாற்பது ஊசி குத்தியிருந்துச்சு. தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு நான் அங்க இருக்கேன்னு நேரத்தோட காட்டுது. உடம்பு சில்லிட்டுப் போச்சு.

ஒவ்வொரு பதிவுலயும் இடத்தை மறைக்கிற வசதி இருக்கு. திறந்தது, மங்கலாக்கியது, மறைத்ததுன்னு மூணு நிலை. மங்கலாக்கினா 0.2 பாகை அகலம், 0.2 பாகை உயரம் உள்ள ஒரு கட்டத்துக்குள்ள எங்கயோன்னு மட்டும்தான் தெரியும். நிலநடுக்கோட்டுக் கிட்ட அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். நேரத்தோட எந்த நாள்னும் மத்தவங்களுக்குத் தெரியாது, மாசம் மட்டும்தான் காட்டும். வீட்ல எடுக்கிற எல்லாத்துக்கும் இதைப் போடுங்க. வெளிய எடுத்ததைத் திறந்தே விடலாம், அறிவியலுக்கு அதுதான் பயன்.

அழியுற நிலையில இருக்கிற இனங்களுக்கு அவங்களே இடத்தை மறைச்சிடுவாங்க. நட்சத்திர ஆமை மாதிரி. அதைப் பிடிச்சு விக்கிற கூட்டம் இருக்கில்லையா. ஆனா உங்களுக்கு அவங்களே மறைக்க மாட்டாங்க, நீங்கதான் செய்யணும்.

பையன் விஷயத்துல சீக்கே போதும். அதுக்குக் கணக்கு வேண்டாம், படம் செல்லை விட்டு வெளிய போகாது. இணையம் இல்லாத இடத்துலயும் வேலை செய்யும்.

---

தாழம்பூ
ஜூலை 4, இரவு 9:10

நன்றி தோழி. மூணு மாசப் பதிவுல வீட்ல எடுத்தது 58 இருந்துச்சு, எல்லாத்தையும் மங்கலாக்கிட்டு வந்துதான் இதை எழுதுறேன்.

---

வல்லைக்காற்று
ஜூலை 5, காலை 7:30

நான் யாழ்ப்பாணம் வடமராட்சியில ஒரு பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். போன வருசம் என்ர வகுப்புப் பிள்ளையளைப் பள்ளிக்கூட வளவுக்குள்ளயே கூட்டிக்கொண்டு போய் என்ர போனில படம் எடுக்க வைச்சனான். பிள்ளையள் இருபத்தெட்டுப் பேர், போன் ஒண்டு. ஆளுக்கு ஒரு படம் எண்டு விட்டனான். அது நல்லாப் போச்சு. ஒரு படம் மட்டுந்தான் எண்டால் பிள்ளை எதை எடுக்கிறது எண்டு பத்து நிமிசம் தேடுது. கண்டதையெல்லாம் எடுக்கிறேல்ல.

எனக்கு இதில பிடிச்ச விசயம் பேர்கள். எங்கட பிள்ளையள் 'புலுனி' எண்டு சொல்லுற பறவையை ஆப் ஆங்கிலப் பேரில காட்டிச்சுது. 'செண்பகம்' எண்டு நாங்கள் சொல்லுற பறவையை அங்க தமிழ்நாட்டில 'செம்போத்து' எண்டு சொல்லுவினமாம். ஒரு பிள்ளை கேட்டுது, "டீச்சர், எங்கட பேர் பிழையோ?" எண்டு. எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ செய்தது.

பிறகுதான் கண்டுபிடிச்சன், அந்தத் தளத்தில ஒரு உயிருக்குத் தமிழ்ப்பேரை நாங்களே சேர்க்கலாம். ஒண்டுக்கு மேல சேர்க்கலாம், எந்த இடத்தில வழங்கிற பேர் எண்டும் குறிக்கலாம். கணக்கு அமைப்பில பொதுப்பெயர் மொழியைத் தமிழ் எண்டு மாத்தினால் பேர்கள் தமிழில வரும். இல்லாததுக்குத்தான் வேற மொழியில காட்டும். பிள்ளையளின்ர வீடுகளில அம்மம்மாமாரிட்டக் கேட்டு வரச் சொன்னனான். ஒரு கொப்பி நிறையப் பேர் வந்தது. எல்லாத்தையும் உடனே ஏத்தேல்ல. ரெண்டு மூண்டு வீட்டில ஒரே பேரைச் சொன்னால் மட்டும் ஏத்துறன். ஒரு வீட்டில மட்டும் சொல்லுற பேரைக் கொப்பியில வைச்சிருக்கிறன்.

---

வரப்பு
ஜூலை 5, இரவு 8:00

டீச்சர் எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். தஞ்சாவூர்ப் பக்கம் எனக்கு அஞ்சு ஏக்கர் நஞ்சை. எங்க அப்பா காலத்துல வயல்ல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் பேர் இருந்துச்சு. எனக்குப் பாதிதான் தெரியும், என் பொண்ணுக்குக் கால்வாசி.

நான் இந்த ஆப்பை விளையாட்டுக்குன்னு போடல. நெல்லுல ஒரு பூச்சி பார்த்தா அது கெடுதல் பண்றதா நல்லது பண்றதான்னு தெரியணும். மருந்துக் கடைக்கு இலையைக் கொண்டு போனா எல்லாத்துக்கும் ஒரு டப்பா எடுத்துக் கொடுப்பாங்க. இப்ப முதல்ல படம் எடுக்கிறேன். போன குறுவையில எடுத்த 70 சொச்சம் படத்துல சிலந்தியும் தட்டானும் பொறிவண்டும்தான் அதிகம். எல்லாம் மத்த பூச்சியைத் தின்னுறது. அந்தத் தடவை மருந்தே அடிக்கல.

ஆனா ஒண்ணு சொல்லணும். ஆப் முதல்ல காட்டுற பேரை நம்பி மருந்து அடிக்கிறதோ, விடுறதோ கூடாது. என் வயல்ல எடுத்த ஒரு தத்துப்பூச்சிக்கு வட அமெரிக்காவுல மட்டும் இருக்கிற ஏதோ ஒரு இனத்தோட பேரைக் காட்டுச்சு. 'இந்த வட்டாரத்தில் எதிர்பார்க்கப்படுவது'ன்னு ஒரு குறி வரும், அது இருக்கிற பேரை மட்டும் பாருங்க. அப்படியும் சந்தேகமா இருந்தா இனம் வரைக்கும் போகாம 'தத்துப்பூச்சி'ன்னு பொதுவா நிறுத்திடுங்க. தெரிஞ்சவங்க வந்து இனம் வரைக்கும் பேர் சொல்லுவாங்க.

விஷ விஷயத்துல இன்னும் எச்சரிக்கை. காளான் படத்துக்கு ஆப் சொல்ற பேரை வச்சு யாரும் சமைச்சுடாதீங்க. பாம்பைக் கிட்டப் போய் எடுக்காதீங்க. எங்க ஊர்ல ஒரு பையன் கட்டுவிரியனை விஷமில்லாத வெள்ளிக்கோல்வரையன்னு நினைச்சு ஒரு அடி தள்ளி நின்னு எடுத்துக்கிட்டு இருந்தான். நான்தான் இழுத்தேன். ரெண்டுக்கும் உடம்புல வெள்ளைப் பட்டை உண்டு. படத்துல பெருசாக்கிப் பார்த்துப் பிரிக்கலாம், வரப்புல நின்னுக்கிட்டு முடியாது.

---

இரவுவண்டு
ஜூலை 6, அதிகாலை 2:35

இந்த நேரத்துல எழுதுறதை வச்சே தெரிஞ்சிருக்கும், நான் அந்திப்பூச்சி (ராத்திரி விளக்கைத் தேடி வர்ற விட்டில்) ஆள். மதுரை.

பகல்ல வெயிலுக்கு வெளிய போக முடியாதவங்களுக்குச் சொல்றேன். ராத்திரி மொட்டை மாடியில கொடிக்கயித்துல ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்க. முன்னாடி ஒரு பல்பு. அவ்வளவுதான். எட்டு மணிக்குப் போட்டா பத்து மணிக்குள்ள வேட்டியில கண்காட்சி ஆரம்பிச்சுடும். அமாவாசை ஒட்டி வர்ற ராத்திரி நல்லா வரும், பௌர்ணமிக்குக் குறைவா வரும். மழை பெஞ்சு புழுக்கமா இருக்கிற ராத்திரின்னா சொல்லவே வேண்டாம்.

முதல் ராத்திரி எனக்கு 31 வகை வந்துச்சு. அதுல ஆறுக்குத்தான் இனம் வரைக்கும் பேர் கிடைச்சது. மிச்சத்துக்கு 'அந்திப்பூச்சி'ன்னு மட்டும் போட்டு விட்டேன். ஒண்ணுக்கு ஒரு வருஷம் ஏழு மாசம் கழிச்சு ஒருத்தர் பேர் சொன்னார். அவர் எந்த நாடுன்னு கூடத் தெரியாது. அந்த அறிவிப்பு வந்தப்ப பஸ்ல நின்னுக்கிட்டு இருந்தேன், பக்கத்துல இருந்தவர்கிட்ட காட்டிட்டேன். அவரும் பொறுமையா கேட்டார்.

பட்டாம்பூச்சி ஆளுங்களுக்கு ஒரு விண்ணப்பம். அரளியிலயோ நந்தியாவட்டையிலயோ தடியா ஒரு பச்சைப் புழு, முன்பக்கம் ரெண்டு நீலக் கண்ணு மாதிரி புள்ளியோட இருந்தா, 'ஐயோ'ன்னு நசுக்காதீங்க. அது வளர்ந்து பச்சையும் இளஞ்சிவப்புமா பளிங்கு மாதிரி ஒரு பருந்து அந்திப்பூச்சி ஆகும். ஒருமுறை பார்த்துட்டா மறக்க மாட்டீங்க.

ஜூலை கடைசி வாரம் உலகம் முழுக்க அந்திப்பூச்சி வாரம் கொண்டாடுறாங்க, 2012ல அமெரிக்காவுல தொடங்கினது. வேட்டி கட்ட நல்ல சாக்கு. விளக்கை விடிய விடிய எரிய விடாதீங்க. ரெண்டு மூணு மணி நேரம் போதும், அதுங்களுக்கும் வேலை இருக்கு. அணைச்சதும் வேட்டியை உதறாம அப்படியே விட்டுட்டுக் காலையில எடுங்க.

---

நெய்தல்
ஜூலை 7, மதியம் 12:10

எனக்கு ஒரு சந்தேகம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதனால இதுவரை கணக்கு தொடங்கல. நம்ம படத்தையெல்லாம் இலவசமா வாங்கி யார் காசு பாக்குறாங்க? விளையாட்டுன்னு சொல்லி நம்மகிட்ட தரவு புடுங்குற ஆப் எத்தனையோ பார்த்தாச்சு. நான் கடற்கரையில சங்கு, சிப்பி, நண்டு எடுக்கிறவள். வருஷக்கணக்கா சேர்த்த படம்.

---

மேற்குமலை
ஜூலை 7, இரவு 9:55

கேட்க வேண்டிய கேள்விதானுங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

2008ல பெர்க்லியில கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துல முதுகலை படிச்ச மூணு மாணவர்கள் படிப்பு முடிக்கிறதுக்கான திட்டமா இதைச் செஞ்சாங்க. 2014ல கலிபோர்னியா அறிவியல் கழகம் எடுத்துக்கிச்சு, 2017ல நேஷனல் ஜியாக்ரஃபிக் சொசைட்டியும் சேர்ந்துச்சு. 2023ல இருந்து தனி இலாப நோக்கமற்ற அமைப்பு. விளம்பரம் கிடையாது, காசு கட்டி வாங்கற சங்கதி எதுவும் உள்ள இல்லை. நன்கொடையில ஓடுது. இதுவரைக்கும் 20 கோடிக்கும் மேல பதிவு சேர்ந்திருக்கு.

படத்தோட உரிமை உங்களுதுதான். எந்த உரிமம்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு போடலாம், முழு உரிமையும் வச்சுக்கலாம். முழுசா வச்சுக்கிட்டா ஜிபிஐஎஃப்க்குப் போகாது, அவ்வளவுதான். ஒண்ணை மட்டும் தெரிஞ்சுக்கங்க. ஆப் பேர் சொல்றதே நம்ம மாதிரி ஆளுங்க போட்ட படத்தை வச்சுப் பழகித்தான். அது பிடிக்கலைன்னா அது உங்க முடிவு, நான் வற்புறுத்த மாட்டேன். எனக்கு அது சம்மதம். அதனாலதான் ஆறு வருசமா இருக்கேன்.

---

நெய்தல்
ஜூலை 9, காலை 7:05

ரெண்டு நாள் யோசிச்சேன். வணிகம் கூடாதுன்னு உரிமம் போட்டுத் தொடங்கிட்டேன். முதல் பதிவு, மணல்ல குழி தோண்டுற பேய் நண்டு. பக்கத்துல ஒரு ரூபாய்க் காசு வச்சு எடுத்தேன், அளவு தெரியணுமில்ல. உயிருள்ள சங்கை எடுத்தா எடுத்த இடத்துலயே திருப்பி வச்சிடுங்க, வாய் கீழ்ப்பக்கமா இருக்கிற மாதிரி. வெறும் சங்குன்னு நினைச்சு வீட்டுக்கு எடுத்துப் போய், உள்ள துறவி நண்டு இருந்து செத்துப் போனதை நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன்.

---

வாசற்படி
ஜூலை 10, மாலை 4:30

புதுசு நான். ஆசையா வளர்த்த ரோஜா, செம்பருத்தி, மணிபிளாண்ட் எல்லாம் போட்டேன். எல்லாத்துலயும் 'வளர்ப்பு'ன்னு குறி போட்டு ஓரமா தள்ளிட்டாங்க. யாரும் எட்டிக்கூடப் பாக்கல. ஒரு பூங்காவுல எடுக்கப் போனா காவலாளி செல்லை வாங்கி எல்லாப் படத்தையும் பாத்துட்டுத்தான் விட்டார். ஆர்வமே போச்சு.

---

நிழல்குடை
ஜூலை 10, மாலை 6:00

மனசு விடாதீங்க. தானா முளைச்சது, தானா வந்ததுதான் அவங்களுக்கு வேணும். செடி நீங்க வச்சதுதான், அதுல வந்து உக்கார்ற எறும்பு, மாவுப்பூச்சி, தேன்சிட்டு எதையும் நீங்க வைக்கல. அதே செம்பருத்தியில மாவுப்பூச்சியை எடுங்க. தொட்டியில நீங்க போடாம முளைச்சிருக்கிற கீழாநெல்லியை எடுங்க. அதெல்லாம் முழுப் பதிவு.

பூங்காவுல செல்லைக் கையில கொடுக்க வேண்டியதில்ல. எனக்கும் நடந்திருக்கு. நான் இப்ப போனதும் முதல் வேலையா காவலாளிகிட்ட போய் ஒரு பூச்சிப் படத்தைக் காட்டி "அண்ணா, இதைத்தான் எடுக்கிறேன், உங்க ஊர்ல இதுக்கு என்ன பேர்?"னு கேட்டுடுவேன். ஒருத்தர் அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எனக்காக ஓணான் முட்டை வச்ச இடத்தைக் காவல் காத்தார்.

---

கணக்குப்புலி
ஜூலை 13, இரவு 10:15

சொன்னபடி பழசைப் பார்த்து முடிச்சேன். 640ல 212ஐ நீக்கிட்டேன். கை நடுங்குச்சு, உண்மையைச் சொல்றேன்.

அதுல ஒரு படம், நீக்கலாம்னு திறந்தேன். எருக்கம்பூ மேல ஏதோ. பெருசாக்கிப் பார்த்தா இலைக்கு அடியில கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டையோட வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழு. எடுத்தப்ப நான் பார்க்கவே இல்ல. நான் எடுத்தது பூவை. மேற்குமலை அண்ணே, நாளையில இருந்து நானும் பேர் சொல்ற பக்கம் உக்கார்றேன். என் ஊர்ல எருக்கு, வேம்பு, ஊமத்தை மாதிரி எனக்கு உறுதியாத் தெரிஞ்சதுல இருந்து தொடங்குறேன். சரிதானே?

---

மேற்குமலை
ஜூலை 13, இரவு 11:40

ரொம்பச் சரிங்க தம்பி. வேம்பும் மலைவேம்பும் மாத்திடாதீங்க. ஆகாதுன்னா என்னைக் கூப்பிடுங்க.

---

தாழம்பூ
ஜூலை 18, இரவு 9:25

செடி கதையைச் சொல்ல வந்தேன்.

மூணு புழுவும் 5, 6 தேதியில அடுத்தடுத்துக் கூட்டுப்புழு ஆச்சு. குச்சியில வாலை ஒட்டிக்கிட்டு, இடுப்புல ஒரே ஒரு நூலைக் கட்டிக்கிட்டு, மரம் ஏறுறவங்க கயிறு கட்டிச் சாஞ்சிருக்கிற மாதிரி. பையன் தினமும் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி ஒரு படம்.

16ஆம் தேதி காலையில முதல் கூட்டுல இருந்து வெளிய வந்துடுச்சு. இறக்கை ஈரமா, சுருங்கிப் போய். கறுப்பு, சிவப்புப் புள்ளி. பையன் குனிஞ்சு பார்த்துக் கத்தினான், "அம்மா, உடம்பு கறுப்பு!" கறிவேப்பிலை அழகி, பெண். அன்னிக்கு என் பழைய புழுப் பதிவுக்குப் போய், மாத்தினவருக்கு நன்றி எழுதிட்டு நான் போட்டிருந்த பேரைத் திருத்தினேன்.

இன்னிக்குச் சாயந்திரம் ரெண்டாவது. அது நாலு நாளா பழுப்பா, ஆடாம அசையாம இருந்துச்சு. பார்த்தா பக்கவாட்டுல குண்டூசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை. அதுல இருந்து எறும்பை விடச் சின்னதா இறக்கை வச்ச பூச்சி ஒண்ணொண்ணா வெளிய வருது. பச்சையா மினுங்குது. நாங்க எண்ணினவரைக்கும் நாற்பத்தி மூணு. பையனுக்கு அழுகை. பட்டாம்பூச்சியைத் தின்னுடுச்சுன்னு. என் மாமியார் அவனை மடியில உக்கார வச்சு, அந்தப் பூச்சிக்கும் அம்மா இருந்திருக்கும்டான்னாங்க. அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு செல்லைக் கேட்டான்.

இது என்ன? எப்படிப் பதியணும்?

---

மேற்குமலை
ஜூலை 18, இரவு 10:05

ஒட்டுண்ணிக் குளவிங்க. தாய்க்குளவி கூட்டுப்புழு மேல உக்காந்து உள்ள முட்டை வச்சிட்டுப் போயிருக்கும். கொசு மாதிரி இருக்கும், கண்ணுல பட்டிருக்காது. இனம் வரைக்கும் படத்துல சொல்றது கஷ்டம், குடும்பம் வரைக்கும் கிடைச்சாலே பெருசு. ஓட்டையையும் குளவியையும் ஒரே படத்துல எடுங்க, கூடவே எதுல இருந்து வந்துச்சுன்னு குறிப்பு எழுதுங்க. குளவி எதுல வளர்ந்துச்சுன்னு தெரிஞ்ச பதிவு அபூர்வம்.

---

தாழம்பூ
ஜூலை 18, இரவு 10:20

எடுத்தாச்சு. பையன் தூங்காம ஒரு கேள்வி கேக்குறான். நாற்பத்தி மூணு குளவிக்கு நாற்பத்தி மூணு பதிவா?

---

கணக்குப்புலி
ஜூலை 18, இரவு 10:22

ஒண்ணுதான் அக்கா. ஒரு நேரம், ஒரு இடம், ஒரு இனம், ஒரு பதிவு. எண்ணிக்கையைக் குறிப்புல எழுதச் சொல்லுங்க, அவனே எண்ணினதுன்னு போடச் சொல்லுங்க. மூணாவது கூடு எப்படி இருக்கு?

---

தாழம்பூ
ஜூலை 18, இரவு 10:31

இன்னும் பச்சையாத்தான் இருக்கு. காலையில பார்த்துச் சொல்றோம்.